இலைக்கு முந்தின கல்

காவேரிப்பட்டணம் தாண்டி, அகரம் போகிற ரோட்டில்
மாங்கூழ் ஃபாக்டரி. ஆனி மாசம்.
கேட்டுக்கு வெளியே பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
ஒரு கிலோமீட்டருக்கு நிற்கின்றன.
உள்ளே நான். இரண்டாம் வகுப்பு லைசென்ஸ்.
எட்டு கிலோ பிரஷருக்குக் காவல்.

கரி வெளியூரிலிருந்துதான் வரவேண்டும்.
இந்த மாவட்டத்தில் எங்கே தோண்டினாலும் கல்.
கல்லுக்குக் கீழே கல். அதற்கும் கீழே
கல்லை வெட்ட வந்தவனின் பேங்க் கடன்.

சர்வே வேலைக்கு வந்து
எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்ட ஜியாலஜிக்காரப் பெண் சொன்னாள்:
"உங்க ஊர்க் கல் உறைஞ்சப்போ
பூமியில ஒரு புல்லுகூட முளைக்கலை.
மரமே இல்லாத காலத்துக்கு
கரி எங்கேர்ந்து வரும்?"
அன்றிலிருந்து கிருஷ்ணகிரி மலையைப் பார்க்கும்போதெல்லாம்
நிழல் என்றால் என்னவென்று தெரியாத யாரோ
குந்தியிருப்பதாகத் தோன்றுகிறது.

கரியை நான் கையால் அறிவேன்.
நெய்வேலிப் பழுப்பு இன்னும் மரத்தை மறக்கவில்லை,
முறித்தால் நார் தெரியும்.
பாதி எடை தண்ணீர்.
எரியச் சொன்னால் முதலில் அழும்.
இந்தோனேசியாக்காரன் கப்பலில் வந்து
காரைக்காலில் இறங்கியவன்;
குவியலிலேயே தானாகப் புகைவான்.
நடு ராத்திரி எழுந்துபோய்
கன்றுக்குட்டிக்குப்போலத் தண்ணீர் காட்ட வேண்டும்.
ஒடிசா லோடு நல்ல கறுப்பு, ஆனால்
நூற்றுக்கு நாற்பது சாம்பல்.
"காசு குடுத்து மண்ணு வாங்கறோம்யா" என்பார்
முதலாளி தசரதன்.
ஆந்த்ரசைட் என்று ஒன்று உண்டாம்,
கண்ணாடிபோல் மின்னுமாம், புகையே வராதாம்.
லைசென்ஸ் பரீட்சையில் அதற்கு இரண்டு மார்க்.
வாங்கினேன். பார்த்ததில்லை.

"இன்னும் நூறு வருஷத்துக்கு இருக்கு பாய்லர் சார்"
என்கிறார் போனில் கரி புரோக்கர் சாதிக் பாட்சா.
பூமிக்குள் இருப்பது அவர் கணக்கு.
யார்டில் இருப்பது என் கணக்கு:
ஒன்றரை நாள்.

போன மாதம் ஒடிசா லோடில்
கரியோடு கரியாக ஒரு பலகைக் கல் வந்தது.
சுத்தியலால் தட்டியதும் புத்தகம்போல் பிரிந்து
உள்ளே ஓர் இலை.
நடு நரம்பு, இரண்டு பக்கமும் வலை,
நுனி மட்டும் கொஞ்சம் மழுங்கல்.
"மாவெலைதான்ணா" என்றான் சென்றாயன்.
இல்லை, மா பிறக்கவே
இன்னும் இருபது கோடி வருஷம் இருந்தது அப்போது
என்று போட்டோ பார்த்து எழுதியிருந்தாள் அந்தப் பெண்.
ஜன்னல் திட்டில் வைத்திருந்தேன்.
காட்டவில்லை யாருக்கும். ஏன் என்று கேட்டால் தெரியாது.

லோடு வராத ராத்திரி அது.
முள் ஏழுக்கு வந்தது, ஆறரைக்கு வந்தது.
கூழ் காய்ச்சும் பக்கமிருந்து
லேப் கலாவதி கத்துகிறாள், "டெம்பரேச்சர் விழுது!"
யார்டைத் தரை தெரிய வழித்தோம்.
காய்ந்த மாங்கொட்டை, உடைந்த பலகை, கிழிந்த பழக்கூடை
எல்லாம் உள்ளே போயிற்று.
சாக்குத் துணிகூட.
அப்புறம் என் கை
ஜன்னல் திட்டுக்குப் போனது.
ஒரு இலை எத்தனை நொடி எரியும் என்று
அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

விடிகாலை மூன்றுக்கு லாரி வந்துவிட்டது.
டிரைவர் தோப்பூர்க் கணவாயில் டிராஃபிக் என்றான்.

காலையில் சாம்பல் வாரும்போது
மண்வெட்டியில் டங்கென்று பட்டது.
செங்கல் நிறத்தில் ஒரு கல்.
எரியவில்லை, வெந்திருந்தது.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
இலை இருந்த பக்கம் எது என்று தெரியவில்லை.

ஹாலோ பிளாக் கம்பெனி லாரிக்காரர்
சாம்பலை எடை போட்டார்.
கல்லை மட்டும் எடுத்துக் கீழே வைத்தார்:
"இது எங்களுக்கு ஆகாது."

இப்போது அது கேட்டோரம்
ஊர்க் கல்லோடு கல்லாகக் கிடக்கிறது.
டிராக்டர் சக்கரத்துக்கு
முட்டு கொடுக்க எடுக்கிறார்கள்.